யார் வீட்டுக் குழந்தை?

ஒரு மருந்து குழந்தைகளுக்கு நல்லதா, கெடுதலா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத ஒரு நாள் உண்டு. அந்த நாளில் அதை முதன்முதலாகப் போட்டுக்கொள்ளும் குழந்தை யார் வீட்டுக் குழந்தை?

இந்தக் கேள்விக்கு நாம் எல்லோருமே மனசுக்குள் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறோம்: 'என் வீட்டுக் குழந்தை அல்ல.' அதே சமயம், டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கும்போது, "நன்றாகப் பரீட்சை செய்து பார்த்த மருந்துதானே?" என்று கேட்காத தாய் தகப்பன் கிடையாது. பரீட்சை செய்த மருந்துதான் வேண்டும். பரீட்சை நம் குழந்தையின் மேல் நடக்கக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஆசையும் நியாயமாகவே தோன்றுகின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் எங்கேயோ இடிக்கிறது. வேறு யாரோ பெற்ற பிள்ளை நமக்காக முன்னால் போயிருக்க வேண்டும் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

இந்தத் தர்மசங்கடத்தை இன்புளுயென்ஸா என்கிற ப்ளூ ஜுரத் தடுப்பூசியை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பெரியம்மை, போலியோ மாதிரிப் பயங்கரமான பெயர் இதற்கு இல்லை. ஜலதோஷத்துக்கு மூத்த அண்ணன் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனாலும் பச்சைக் குழந்தைகளையும் கிழவர்களையும் அது கொன்றிருக்கிறது. இந்த நோயின் வைரஸ் வருஷா வருஷம் வேஷம் மாற்றிக்கொள்கிறது. அதனால் மருந்தையும் வருஷா வருஷம் மாற்றிச் செய்ய வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் சர்க்கார் இலவசமாகப் போடும் தடுப்பூசிகளின் தேசியப் பட்டியலில் இது இல்லை. குழந்தை வைத்தியர்களின் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடும்படி சிபாரிசு செய்கிறது. ஆக, போடுவதா வேண்டாமா என்கிற தீர்மானம் தாய் தகப்பன் தலையில் வந்து விழுகிறது.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1796ஆம் வருஷம் மே மாதம் 14ந் தேதி இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற டாக்டர், ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்துச் சீழை எடுத்து, எட்டு வயதுப் பையன் ஒருவனுடைய கையில் கீறி ஏற்றினார். ஜூலை மாதம் நிஜமான பெரியம்மையையே அவனுக்கு ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மையைக் கொஞ்சமாக ஏற்றிக்கொள்வது அந்தக் காலத்தில் அங்கே வழக்கத்தில் இருந்த வைத்தியம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகமே ஜென்னருக்குக் கடன்பட்டிருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் நான் கதை எழுதுகிறவன். என் கண்ணில் படுகிறவர் அந்தப் பையனுடைய தகப்பனார். அவர் ஜென்னரிடம் தோட்ட வேலை செய்தவர். எஜமான் வந்து, "உன் பையனை நாளைக்கு அனுப்பி வை" என்று சொன்னால், "மாட்டேன்" என்று சொல்லக்கூடிய தோட்டக்காரர் எத்தனை பேர்? பிற்காலத்தில் ஜென்னர் அந்தப் பையனுக்கு ஒரு வீட்டை வாடகை இல்லாமல் கொடுத்தார். அவருக்கும் மனசில் ஒரு கடன் உணர்ச்சி இருந்ததென்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கடன் உணர்ச்சிகூட இல்லாத இடங்கள் பின்னால் வந்தன. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த வில்லோபுரூக் என்ற இடத்தில், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி இருந்தது. 1956 முதல் பல வருஷங்கள் அங்கே சில குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள். 'விடுதியில் இருந்தால் எப்படியும் அந்த நோய் வரத்தானே போகிறது' என்பது அவர்கள் சொன்ன சமாதானம். விடுதியில் இடம் இல்லை என்று கதவை மூடிவிட்ட காலத்திலும், ஆராய்ச்சிப் பகுதிக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாமல் திண்டாடிய பெற்றோர்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து இருந்தது, சம்மதம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இவற்றையெல்லாம் படித்த நல்ல மனிதர்கள் சிலர், 'குழந்தைகளை விட்டுவிடுங்கள்' என்றார்கள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் மத தத்துவம் போதித்த பால் ராம்ஸி 1970ல் எழுதியதன் சாரம் இது: ஒரு குழந்தைக்கு அதனுடைய சொந்த நோய் தீர வேண்டும் என்பதற்காக மருந்து கொடுக்கலாம். மற்றவர்களுக்கு உபயோகமான ஒரு தகவல் வேண்டும் என்பதற்காக அதன் உடம்பைத் தொடக் கூடாது. தியாகம் செய்கிறவன் தானே முன்வந்து செய்ய வேண்டும். பேசத் தெரியாத குழந்தையின் பெயரில் இன்னொருவர் தியாகம் செய்ய முடியாது.

நான்கு வருஷம் கழித்து ரிச்சர்ட் மக்கார்மிக் என்ற பாதிரியார் அதற்குப் பதில் சொன்னார். குழந்தையும் இந்த மனிதக் கூட்டத்தில் ஒருவன்தான். மிகச் சிறிய ஒரு கஷ்டத்தைத் தாங்கினால் மற்றக் குழந்தைகளுக்குப் பெரிய நன்மை உண்டு என்கிறபோது, அறிவு வந்தால் அவன் 'சரி' என்றுதான் சொல்லுவான், சொல்லவும் வேண்டும். ஆகவே அவனுக்காகப் பெற்றோர் சொல்லலாம் என்பது அவர் கட்சி.

இரண்டு பேரில் யார் பக்கம் சேருவது? முதலில் படிக்கும்போது என் மனசு ராம்ஸியின் பக்கம்தான் சாய்ந்தது. குழந்தையைத் தொடாதே என்கிற குரலில் ஒரு தாயின் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தால் உண்மையில் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டாமா? ப்ளூ தடுப்பூசியின் சரித்திரம் அதைக் காட்டுகிறது.

இந்த ஊசி குழந்தைகளுக்கென்று பிறந்ததல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1943ல், அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த வாலிபர்களிடம் டாமஸ் பிரான்சிஸ், ஜோனாஸ் சால்க் முதலியவர்கள் இதைப் பரீட்சித்தார்கள். வெகு காலத்துக்கு அது பெரியவர்களின் ஊசியாகவே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. 2004ல் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போடச் சிபாரிசு செய்தார்கள். 2008ல் 'காக்ரேன்' என்ற ஆராய்ச்சியாளர் குழு, அதுவரை உலகத்தில் நடந்த பரீட்சைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் செயலிழந்த கிருமி ஊசியைப் பரீட்சித்த ஆராய்ச்சி ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது என்று அவர்கள் ஆச்சரியத்தோடு எழுதினார்கள். சிபாரிசு முன்னால் வந்துவிட்டது. பரீட்சை பின்தங்கி நின்றது.

பெரியவனுக்கு ஒத்துக்கொண்டது குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும், அளவை மட்டும் பாதியாகக் குறைத்தால் போதும் என்று நினைப்பது இயற்கைதான். ஆனால் குழந்தை என்பது குள்ளமான பெரியவன் அல்ல. பெரியவர்கள் பல வருஷம் பலவித ப்ளூவோடு மல்லுக்கு நின்றவர்கள். குழந்தையின் ரத்தத்துக்கு அது முதல் அறிமுகம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஜுரம் ஏறினால் வலிப்பு வரக்கூடிய சுபாவம் வேறு உண்டு.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்லுகிறேன். 2007ல் அந்த ராஜ்யத்தில் மூன்று சிறு குழந்தைகள் ப்ளூ கண்டு இறந்துபோனார்கள். ஊர் கலங்கிவிட்டது. மறு வருஷமே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடும் திட்டத்தை அந்த ராஜ்ய சர்க்கார் தொடங்கியது. இதில் யாருடைய எண்ணத்தையும் குறை சொல்ல முடியாது. 2010ல் அந்த வருஷத்துக்கான புது ஊசி வந்தது. ஏப்ரல் மாதத்தில், ஊசி போட்டுக்கொண்ட சில மணி நேரத்துக்குள் ஜுரம் கொதித்து, வலிப்பு வந்து, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டிய வலிப்பு, ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் ஊசியைப் போட்டுக்கொண்டவர்களிடம் பல மடங்கு அதிகமாக வந்தது. அந்த மாதம் 23ந் தேதி தேசம் முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ப்ளூ ஊசி நிறுத்தப்பட்டது. பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் மூளையில் மாறாத கேடு உண்டாகிவிட்டது.

பிற்பாடு காரணம் தெரிந்தது. ஊசி மருந்து செய்யும்போது வைரஸை ஒரு ரசாயனத்தால் சிதைக்கிறார்கள். அந்த வருஷத்துப் புது வைரஸ்களுக்கு அந்தக் கம்பெனியின் செய்முறை போதவில்லை. முழுவதும் சிதையாத துணுக்குகள் மிஞ்சின. சிறு குழந்தைகளின் உடம்பு அவற்றைக் கண்டு ஜுரமாகச் சீறியது. பெரியவர்களிடம் இப்படி ஒன்றும் நடக்கவில்லை. மற்றக் கம்பெனிகளின் ஊசியிலும் நடக்கவில்லை.

அந்தக் கம்பெனியின் ஊசி முன்னால் குழந்தைகளிடம் பரீட்சிக்கப்படாமல் இல்லை. சில நூறு குழந்தைகளிடம் பரீட்சித்திருந்தார்கள், வேறு வருஷத்து மருந்தை வைத்து. சில நூறு என்றால் எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 300 குழந்தைகளுக்கு ஊசி போட்டு ஒருவருக்கும் வலிப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 'வலிப்பே வராது' என்று முடிவு கட்ட முடியாது. 'நூற்றுக்கு ஒருவருக்கு மேல் வராது' என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம்; அவ்வளவுதான். 'ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் வராது' என்று சொல்ல 3,000 குழந்தைகள் வேண்டும்.

இந்தக் கதையிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். பரீட்சையிலிருந்து குழந்தைகளை விலக்கி வைத்தால் குழந்தைகள் தப்பிப்பதில்லை. பரீட்சை ஆராய்ச்சிசாலையை விட்டு ஊருக்குள் வந்துவிடுகிறது. அப்போது எல்லாக் குழந்தைகளுமே பரீட்சைக்கு ஆளாகிறார்கள். யாரும் பெற்றோரிடம் அதைச் சொல்வதில்லை, சம்மதம் கேட்பதில்லை, கணக்கு எழுதுவதும் இல்லை. ஒவ்வொரு டாக்டரும் தம்மிடம் வந்த ஒரு குழந்தையைப் பார்த்து, 'ஏதோ தற்செயல்' என்று நினைத்துக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் பின்னால் நடந்த விசாரணையில் வெளிப்பட்ட பெரிய குறையும், தகவல்கள் ஓரிடத்தில் வந்து சேருவதில் ஏற்பட்ட தாமதம்தான். வலிப்பு கண்ட குழந்தைகளை யாரும் பரீட்சைப் பொருளாக்க நினைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் அப்படித்தான் ஆனார்கள்.

கணக்கு எழுதாவிட்டால் கெடுதல் மட்டுமா மறையும்? நன்மையும் மறைந்துபோகும். ஜப்பானில் 1962 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ப்ளூ ஊசி போட்டுவந்தார்கள். 1977ல் அதைக் கட்டாயமாக்கினார்கள். 'இதனால் பிரயோஜனம் உண்டா?' என்ற சந்தேகமும், ஊசியால் கெடுதல் வந்ததென்ற வழக்குகளும் கிளம்பின. நன்கு நடத்திய பரீட்சையைக் காட்டி, 'இதோ பலன்' என்று யாரும் அடித்துச் சொல்ல முடியவில்லை. 1987ல் வேண்டாதவர்கள் விலகலாம் என்றார்கள். 1994ல் திட்டமே நின்றது. 2001ல் சில ஆராய்ச்சியாளர்கள் ஜப்பானின் பல வருஷத்து மரணக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் வரை தவிர்க்கப்பட்டன என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தப்பியவர்களில் மிகப் பலர் கிழவர்கள். பேரன் கையில் குத்திய ஊசி தாத்தாவின் உயிரைக் காத்திருக்கிறது; தாத்தாவுக்கும் தெரியாது, பேரனுக்கும் தெரியாது.

இங்கே ராம்ஸியின் கோபம் மறுபடியும் எழுந்து நிற்கும்: தாத்தாவுக்காகப் பேரனைக் குத்தலாமா? குடும்பம் என்ற ஒன்றில் வாழ்ந்து பழகிய நமக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கசப்பாகத் தோன்றாது. ஒரே கூரையின் கீழ் யார் யாருக்காகவோ என்னென்னவோ தாங்குகிறோம். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் தாங்கச் சொல்ல வேண்டும். தாங்குவதால் பலன் உண்டா என்று முன்னால் பார்த்திருக்கவும் வேண்டும்.

அப்படியானால் நேர்மையான பரீட்சை எப்படி இருக்கும்? ராணுவ வீரர்களிடம் ப்ளூ ஊசியைச் சோதித்த அதே பிரான்சிஸும் சால்க்கும் சம்பந்தப்பட்ட இன்னொரு காரியத்தை உதாரணமாகச் சொல்லலாம். 1954ல் சால்க் கண்டுபிடித்த போலியோ ஊசியை அமெரிக்காவில் பிரான்சிஸ் பரீட்சித்தார். ஏறக்குறைய 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் அதில் பங்கெடுத்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி, சிலருக்கு ஊசியே இல்லை, கவனித்துக்கொண்டார்கள். பெற்றோர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 'சம்மதிக்கிறேன்' என்றுகூட அல்ல, 'என் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று. எந்த ஊசி யாருக்கு என்று குத்துகிறவருக்கும் தெரியாத பகுதிகளில், டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே சீட்டுக் குலுக்கல்தான். வில்லோபுரூக்குக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அங்கே கதவில்லாதவர்களின் பிள்ளைகள். இங்கே ஊரார் எல்லோருடைய பிள்ளைகளும்.

வெறும் ஊசி என்பதிலும் ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. ஒன்றுக்கும் உதவாத தண்ணீருக்காக ஒரு குழந்தையை ஏன் அழவைக்க வேண்டும்? இதற்கு ஒரு நல்ல வழி பிற்காலத்தில் வழக்கத்துக்கு வந்தது. ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் 2009 முதல் மூன்று வருஷம் நடந்த பரீட்சையில், ஆறு மாதம் முதல் பத்து வயது வரை இருந்த குழந்தைகளில் ஒரு சாராருக்கு ப்ளூ ஊசியும், மறு சாராருக்கு போலியோ ஊசியும் போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் கிடைத்தது. அந்தக் கூட்டத்துக் குழந்தையும் வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை. தர்மத்தைத் தேடிக்கொண்டு போனால் சாஸ்திரத்துக்கும் வழி பிறக்கிறது என்பதற்கு இது சாட்சி.

அந்தப் பரீட்சையில் தெரிந்த உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. முதல் வருஷம் ஊசியின் பலன் நூற்றுக்கு 25 அளவில்தான் இருந்தது. மூன்றாவது வருஷம் 70க்கு மேல் ஏறியது. வைரஸ் வேஷம் மாற்றுகிறபோது ஊசியின் பலனும் மாறுகிறது. இந்தியா உட்பட 13 தேசங்களில், மூன்று வயதுக்குட்பட்ட சுமார் 12,000 குழந்தைகளிடம் 2011 முதல் 2014 வரை இன்னொரு பரீட்சை நடந்தது. அதில் ப்ளூவில் ஏறத்தாழப் பாதி தடுக்கப்பட்டது. கடுமையான ப்ளூவில் பாதிக்கு மேல் தடுக்கப்பட்டது. காக்ரேன் குழு 2018ல் மறுபடியும் கணக்குப் பார்த்தபோது, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் ஊசி இல்லாத நூறு பேரில் 30 பேருக்கு ப்ளூ வந்தால், ஊசி போட்டவர்களில் 11 பேருக்கு வந்தது என்று சொல்லியது. இது சஞ்சீவி அல்ல. ஆனால் ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அல்ல. ஒரு தாயிடம் இதை இப்படியே சொன்னால் அவளுக்குப் புரியும். பயமுறுத்தவும் வேண்டாம், வர்ணிக்கவும் வேண்டாம்.

பரீட்சை முடிந்து மருந்து கடைக்கு வந்த பிறகும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட முடியாது. 2009, 2010ல் உலகம் முழுவதும் பரவிய ப்ளூவுக்காக ஐரோப்பாவில் பல லட்சம் பேருக்கு ஒரு ஊசி போட்டார்கள். பின்லாந்தில் அதைப் போட்டுக்கொண்ட 4 முதல் 19 வயது வரையிலானவர்களில், சுமார் 16,000 பேருக்கு ஒருவர் வீதம் நார்கோலெப்ஸி என்ற நோய் கண்டது. பட்டப் பகலில், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து ஆளை அமுக்கிவிடும் நோய் அது. 16,000க்கு ஒன்று என்பதை முன்கூட்டி எந்தப் பரீட்சையாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஊர் முழுவதற்கும் போட்ட பிறகு, விழித்துக்கொண்டிருந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியர்களும் தங்கள் அனுபவத்துக்குப் பிறகு விழித்துக்கொண்டார்கள். 2014ல் அங்கே ஓர் ஏற்பாடு வந்தது. ஊசி போட்ட சில நாட்களில் பெற்றோரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும்: குழந்தைக்கு ஏதாவது உபாதை உண்டா? பதில்கள் எல்லாம் ஓரிடத்தில் சேரும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆயிரம் பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு, கெட்டுப்போன ஒரு குழந்தையின் தாய்க்கு எந்த விதத்தில் ஆறுதல்? கதை எழுதுகிறவனுக்கு ஆயிரம் தெரிவதில்லை, ஒன்றுதான் தெரிகிறது. அந்த ஒன்றை, 'தவிர்க்க முடியாத நஷ்டம்' என்று கணக்கின் கடைசி வரியில் எழுதிவிட்டுப் போவது பாவம். அமெரிக்காவில் 1986ல் வந்த சட்டத்தின்படி ஒரு நிதி இருக்கிறது. ஒவ்வொரு தடுப்பூசியின் விலையிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வீதம் அந்த நிதிக்குப் போகிறது. ஊசியால் கேடு வந்தவர்களுக்கு அதிலிருந்து ஈடு கொடுக்கிறார்கள். பணம் குழந்தையைத் திருப்பித் தராது. ஆனால் சௌக்கியமாக வீடு திரும்பிய ஒவ்வொரு குழந்தையும், திரும்பாத குழந்தைக்காகச் சிறு காணிக்கை போட்டுவிட்டுப் போகிறது என்பதில் ஒரு நீதி இருக்கிறது. 2010ல் ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு நிதி கிடையாது. நம் நாட்டிலும் இப்படி ஊசிக்கு ஊசி எடுத்து வைக்கும் உண்டியல் இல்லை.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவார்கள். தடுப்பூசி விஷயத்தில் இது அப்படியே பலித்திருக்கிறது. எங்கோ ஒரு தோட்டக்காரருடைய பையனும், எங்கோ ஒரு கிராமத்துக் குழந்தையும் முன்னால் போனார்கள். நம் பிள்ளைகள் தாமாக வளர்ந்தார்கள். அவர்கள் யாருக்கும் நாம் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லை.

ஒன்று செய்யலாம். குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த இரண்டாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தால், 'எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான்' என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல், டாக்டரிடம் போய்த் தேதியும் மருந்தின் பெயரும் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யலாம். ஒன்றும் வராவிட்டாலும், கேட்கிறவர்களிடம் 'ஒன்றும் வரவில்லை' என்று சிரத்தையாகச் சொல்லலாம். அடுத்த தெருவில், நமக்குப் பெயர் தெரியாத ஒரு தாய் நாளைக்குத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் போகப் போகிறாள். அவளுக்கு அந்த வார்த்தை வேண்டியிருக்கும்.